வெட்சியிலிருந்து தும்பைக்கு

கள்வன் கதையில் மனிதனுக்குள்ள ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. சிறுவயதில் கேட்ட அலிபாபா கதையில் நம் நெஞ்சில் நிலைத்தது அலிபாபாவின் நற்குணமா, நாற்பது திருடர்களும் அவர்களது குகையுமா என்று எவரேனும் வினவினால், உண்மையான விடை சொல்லச் சிறிது நாணமாகத்தான் இருக்கும். அந்தப் பழைய ஆசை இப்போது கணினித் திரையில் குடியேறியிருக்கிறது. நம் இல்லத்துப் பிள்ளைகள் இரவு நெடுநேரம் விழித்திருந்து ஆடும் வேடமேற்பு விளையாட்டுகளில், ஆடுபவன் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறான். வீரன், மந்திரவாதி, கள்வன் என்ற வகைகளுள் ஒன்றாகப் பிறந்து, படிப்படியாகத் திறன்களைச் சேர்த்து வளர்கிறான். அவ்வகைகளுள் ஆடுவோரைப் பெரிதும் ஈர்ப்பவை இரண்டு: ஒன்று கள்வன், மற்றொன்று, ஒற்றைக்கொற்றை நின்று பொருதும் வாள்வீரன். முன்னவனாகத் தொடங்கிப் பின்னவனாக முடியும் பாத்திரத்தை எவ்வாறு அமைப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

இது விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இலக்கியத் திறனாய்வு என்று கேட்போர் இருக்கலாம். நொண்டி நாடகத்தையும் வில்லுப்பாட்டையும் இலக்கியமல்ல என்று ஒதுக்கிய பண்டிதர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டார்கள். எந்தக் கதையை நம் பிள்ளைகள் தாமே அந்தப் பாத்திரமாகி நூறு மணி நேரம் வாழ்ந்து பார்க்கிறார்களோ, அந்தக் கதையை ஆராயாமல் விடுவது அறிவுடைமையாகாது.

விதிகள் சொல்லும் நீதி

1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டே இவ்வகைக்கெல்லாம் தாய். கள்வன் அதில் முதலிலேயே இடம்பெறவில்லை. 1975-இல் வந்த 'கிரேஹாக்' என்னும் இணைப்பு நூலில்தான் தனி வகையாகச் சேர்க்கப்பட்டான். பூட்டைத் திறத்தல், ஓசையின்றி நடத்தல், நிழலில் மறைதல், பின்புறமிருந்து தாக்கினால் இருமடங்கு ஊறு விளைத்தல் ஆகியவை அவனுக்கு அளிக்கப்பட்ட திறன்கள். நேருக்கு நேர் நின்றால் அவன் வலுவற்றவன். முதுகே அவனுக்கு இலக்கு.

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட் 2' என்னும் கணினி விளையாட்டில் கள்வனின் கிளை வகையாக 'ஸ்வாஷ்பக்லர்' என்றொருவன் வந்தான். அவன் வளர வளர வாட்போரின் திறனும் தற்காப்பும் உயர்கின்றன. ஆனால் பின்னின்று தாக்கும்போது கள்வனுக்குப் பெருகிவரும் அந்தத் தனி ஊறு அவனுக்கு இல்லை. வெறும் எண் கணக்காகத் தோன்றும் இந்த விதியில் ஓர் அறநூல் ஒளிந்திருக்கிறது. முகம் பார்த்துப் பொருத விரும்புகிறவன் முதுகில் குத்தும் உரிமையைத் துறக்க வேண்டும்! விதி வகுத்தவர்கள் ஆட்டத்தின் சமநிலையை மட்டுமே எண்ணியிருக்கலாம். எனினும் அவர்கள் வகுத்தது ஒரு துறவு.

பின்னர் வந்தோர் வேறு வழி கண்டனர். 2015-இல் மேசை விளையாட்டுக்காக வகுக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் 'பால்டர்ஸ் கேட் 3'-இலும் சேர்க்கப்பட்ட புதிய ஸ்வாஷ்பக்லர் எதையும் துறப்பதில்லை. அருகில் வேறெவரும் இல்லாமல் தன்னந்தனி எதிரியின் முன் நிற்கும்போதும், மறைந்திருந்து தாக்கும் கள்வனுக்குரிய அதே கூடுதல் ஊறு அவனுக்குக் கிட்டும். பூட்டின் நெளிவை அறிந்த விரலும் காவலனின் கண்ணசைவை அளந்த பார்வையும் வாள்முனையில் பயன்படுகின்றன என்பது இதன் கருத்து. 2003-ஆம் ஆண்டுப் பதிப்பின் 'டூயலிஸ்ட்' என்னும் வகையோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கவசமும் கேடயமும் அவனுக்கு ஆகா. அவற்றுக்கு ஈடாக அவனுடைய அறிவுத்திறனே கவசமாகிறது. 2006-இல் 'நெவர்விண்டர் நைட்ஸ் 2' இவ்வகையைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது.

இவற்றுள் எது சிறந்தது? பழைய விதியில் அறம் உண்டு. ஆனால் கள்வனாய்க் கழித்த காலம் வீணாகிறது. புதிய விதியில் திறமையின் தொடர்ச்சி உண்டு. ஆனால் எதையும் இழக்காத மாற்றம் மாற்றமாகுமா? சட்டையை மாற்றியவன் ஆளையே மாற்றிக்கொண்டதாகச் சொல்வது போன்றதன்றோ அது?

தமிழ்த் திணை காட்டும் வழி

இந்தச் சிக்கலுக்கு விடை நம் புறத்திணை மரபிலேயே இருக்கிறது. தமிழர் போர்க்கதையின் முதல் ஏடே களவுதான். வெட்சி என்பது பகைவரின் ஆநிரையை அவர் அறியாமல் இரவில் கவர்ந்து வருதல். கரந்தை என்பது கவரப்பட்ட நிரையை மீட்டல். தும்பையோ, பொருளுக்காகவும் மண்ணுக்காகவுமன்றி, வீரம் ஒன்றே குறியாக இரு தரத்தாரும் எதிரெதிர் நின்று பொருதல். மூன்றையும் ஒரே மனிதனின் வாழ்க்கையாக வரிசைப்படுத்திப் பாருங்கள். கள்வன் வாள்வீரனாகும் வழி அங்கே தெளிவாகத் தெரியும்.

மேலைநாட்டு விளையாட்டுகள் வெட்சியிலிருந்து நேரே தும்பைக்குத் தாவுகின்றன. நடுவிலுள்ள கரந்தையை விட்டுவிடுகின்றன. கவர்ந்ததை மீட்டுக் கொடுக்கும் அந்த இடைநிலைதான் பாத்திரத்திற்கு உயிர் தருவது. அது இல்லாத வாள்வீரன் நல்ல வாள் வாங்கிய கள்வனே.

முதுகைப் பற்றிய கருத்தும் நமக்குப் புதிதன்று. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத பெருஞ்சேரலாதன், தன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான் எனச் சங்கச் செய்யுட்கள் கூறுகின்றன. புறங்காட்டி ஓடுவோர்மேல் படைக்கலம் செலுத்தாமையைத் தழிஞ்சி என்று பெயரிட்டுப் புறப்பொருள் வெண்பாமாலை தனித் துறையாகவே வகுத்தது. எதிரி திரும்பியதும் ஊறு இருமடங்காகும் விதியை ஆடிப் பழகிய நம் இளைஞர்கள், எதிரி திரும்பியதும் வாளைத் தாழ்த்துவது ஒரு பெருமையென எண்ணிய மரபில் தாங்கள் பிறந்ததையும் அறிய வேண்டாமா?

ஆசானின் மறுப்பு

நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. ஆகவே காயங்குளம் கொச்சுண்ணியின் கதை நமக்கு அண்டைவீட்டுக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்து, 1859-இல் திருவனந்தபுரத்துச் சிறையில் மறைந்ததாகச் சொல்லப்படும் அந்த முஸ்லிம் கள்வனைப் பற்றிக் கொட்டாரத்தில் சங்குண்ணி தம் 'ஐதீகமாலை'யில் விரிவாக எழுதியுள்ளார். 2018-இல் அது மலையாளத்தில் பெரும் பொருட்செலவில் திரைப்படமாகவும் வந்தது.

அக்கதையில் நம் பொருளுக்கு இன்றியமையாத ஒரு கட்டம் உண்டு. ஆயுதப் பயிற்சியில் தேர்ந்த தங்ஙள் ஒருவரிடம் கற்க விரும்பிக் கொச்சுண்ணி செல்கிறான். கள்வர் குடியில் பிறந்தவனுக்குக் கலை சொல்லித் தருவது தகாது என்று அவர் மறுத்துவிடுகிறார். அவன் மறைந்து நின்று, பிறர் கற்பதைப் பார்த்தே முழுவதும் கற்றுக்கொள்கிறான். பின்னர் அதனை அறிந்த ஆசான், அவனது கூர்மையை மெச்சித் தாமே கற்பிக்க முன்வருகிறார்.

என்ன அருமையான அமைப்பு! கள்வனாய்த்தான் அவன் கலையைக் கற்றான். கற்ற கலையே களவுப்பொருள். திருட்டுக்கும் போர்க்கலைக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய விளையாட்டு ஒன்றும் என் பார்வைக்கு வந்ததில்லை. அதே வேளையில், ஆசானின் முதல் மறுப்பில் ஓர் அநீதியும் இருக்கிறது. பிறப்பைக் காட்டி ஒருவனுக்குக் கதவடைத்தால் அவன் சாளரம் வழியே வருவான். பிறகு அவனைக் கள்வன் என்று பழித்தென்ன பயன்?

குமரி மாவட்டத்து அடிமுறை ஆசான்மாரின் மரபு இதற்கு மறுபக்கத்தைக் காட்டும். அவர்கள் மாணவனின் குலத்தை அன்று, குணத்தை நெடுங்காலம் சோதித்த பின்னரே வர்மத்தின் நுட்பத்தை வெளியிடுவர் என்பது அம்மரபின் பெருமையாகச் சொல்லப்படுவது. நூற்றெட்டு வர்மங்கள் என்று எண்ணுவர்; பன்னிரண்டு படுவர்மம், தொண்ணூற்றாறு தொடுவர்மம். அடிக்கும் இடத்தை அறிந்தவன், அடிபட்டவனை மீட்கும் அடங்கலையும் இளக்குமுறையையும் அறிந்திருக்க வேண்டும். அதனால்தான் ஆசான் சிலம்பக்காரராக மட்டுமின்றி வைத்தியராகவும் இருந்தார். விளையாட்டு அமைப்போர் இதை ஒரு விதியாக்கலாம்: மீட்கும் முறையைக் கற்காதவனுக்கு அடுத்த அடவு திறவாது. கள்வன் வீரனாகும் பயணத்தில் இதைவிடப் பொருத்தமான படிக்கட்டு வேறுண்டோ?

பாக்தாதின் பாசிம்

நம் வாசகர்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டிய விளையாட்டு ஒன்றுண்டு. 2023 அக்டோபரில் வெளிவந்த 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்' நம்மை ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதுக்கு அழைத்துச் செல்கிறது. தெருத்திருடனாகிய பாசிம், அரண்மனைக்குள் திருடப் புகுந்த ஓர் இரவின் விளைவால் பழைய வாழ்வை இழக்கிறான். ரோஷன் என்னும் பெண் ஆசானிடம் பயின்று மறைவுக் கூட்டமொன்றில் சேர்கிறான். நகரத்தின் கடைவீதிகளும் வட்டக் கோட்டையும் அன்போடு வரையப்பட்டுள்ளன. அறபு மொழியிலேயே ஆடவும் இயலும். பாக்தாத் என்றாலே பறக்கும் கம்பளமும் திருடனும் என்று 1924 முதல் மேலைத் திரைப்படங்கள் பழக்கிவைத்த பொய்த் தோற்றத்துக்கு இது ஓரளவு மாற்று.

ஆயினும் பாத்திர அமைப்பில் ஒரு குறை. பாசிம் வளர்கிறான், மாறுவதில்லை. திருடன் மறைந்து நடந்தான். கொலைஞனும் மறைந்து நடக்கிறான். மடியறுத்த கை கழுத்தறுக்கிறது. நால்வர் எதிரே வந்தால் ஓடி ஒளிவதே அவனுக்கு நலம். வெட்சியிலேயே வாழ்ந்து வெட்சியிலேயே முடியும் கதை இது.

உண்மை வரலாறோ இதைவிட வளமானது. 812-813-இல் கலீஃபா அமீனுக்கும் அவர் சகோதரர் மஃமூனுக்கும் இடையே நடந்த போரில் பாக்தாத் முற்றுகையிடப்பட்டபோது, ஊரார் கள்வரென்றும் போக்கிரிகளென்றும் இகழ்ந்த 'அய்யார்' கூட்டத்தினர்தாம் நகரத்துக்காக நின்று போரிட்டனர். ஓலையால் தலைக்காப்பும், கீல் பூசிய கோரைப்பாயால் கேடயமும் செய்துகொண்டு, இரும்புக் கவசம் பூண்ட படையை அவர்கள் எதிர்த்ததை வரலாற்றாசிரியர்கள் வியப்போடு எழுதிவைத்தனர். நிழலில் வாழ்ந்தவர்கள் பகலில் மதில்முன் நின்ற நாள் அது. அந்தக் கோரைப்பாய்க் கேடயத்தை ஏந்திய ஒருவனைப் பாத்திரமாக்கியிருந்தால், தும்பை மலர்ந்திருக்கும்.

கரந்தை என்னும் படி

கள்வன் மாறுவதைப் பற்றி நம் இலக்கியம் சொன்னவை குறைவல்ல. 'சீதக்காதி நொண்டி நாடக'த்தில், குதிரை திருடப் போய் உறுப்பிழந்த கள்வன் தன் கதையைத் தானே பாடுகிறான். வள்ளல் சீதக்காதியின் ஆதரவு பெற்று, மக்கா சென்று, நலமடைகிறான். ஆடுபவனே பாத்திரமாகி 'நான்' என்று பேசும் இந்த அமைப்பு, இன்றைய வேடமேற்பு விளையாட்டுக்கு நம் மண்ணிலிருந்த முன்னோடி எனலாம். அங்கே களவுக்கு விலை உண்டு. அந்த விலை உடலிலேயே தெரிகிறது.

குராசான் பாதையில் வழிப்பறிக்காரராய் இருந்து, இறைமறையின் ஒரு வசனம் செவியில் விழ மனம் மாறி, ஹிஜ்ரி 187-இல் மக்காவில் மறைந்த ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்களின் வரலாற்றை நம் வீடுகளில் அறியாதார் இல்லை. அவர்கள் அழுது தவ்பாச் செய்ததோடு நின்றுவிடவில்லை; தம்மிடம் பறிகொடுத்தோரைத் தேடிச் சென்று அவர்களது பொருத்தத்தைப் பெற முயன்றார்கள் என்று இறைநேசர் வரலாறுகள் கூறும். அடியார்க்குரிய ஹக்கை அடியாரிடமே தீர்க்க வேண்டும் என்ற இந்த நெறிதான் நாம் சொன்ன கரந்தை.

விளையாட்டு அமைப்போர் இதற்கு மறுமொழி சொல்லக்கூடும்: "ஆடுகிறவன் இன்பம் தேடி வருகிறான், அவனைப் பாவமன்னிப்புக் கேட்கச் சொல்வதா?" கேள்வி நியாயமானதே. நீதி போதனை செய்யும் விளையாட்டை எவனும் இருமுறை ஆடமாட்டான். ஆனால் நாம் கேட்பது போதனை அன்று, நிகழ்ச்சி. முதல் ஊரில் யாருடைய பணப்பையை அவன் அறுத்தானோ, அந்த விதவை மூன்றாம் ஊரில் அவன் வாள்முன் நிற்கும் வீரனின் தாயாக வரட்டும். திருடிய நகையை விற்ற காசில் வாங்கிய வாளை அவன் அவள்முன் உயர்த்துவானா, தாழ்த்துவானா? தேர்வு ஆடுபவனுடையது. அந்த ஒரு நொடியில் ஆயிரம் எண்களைவிட மிகுந்த சுவை இருக்கும்.

ஆகவே நல்ல பாத்திரத்துக்கு மூன்று வேண்டும் என்பது நம் முடிவு. கள்வனின் கண்ணும் கைநுட்பமும் வாள்வீரனிடம் தொடர வேண்டும். முதுகில் குத்தும் உரிமை அவனை விட்டு நீங்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே, கவர்ந்ததைத் திருப்பித் தரும் ஒரு கடினமான பாதையை அவன் நடக்க வேண்டும். முதலாவதை இன்றைய விளையாட்டுகள் கற்றுவிட்டன. இரண்டாவதை 2000-இல் அறிந்து பின்னர் மறந்தன. மூன்றாவதை இனித்தான் எழுத வேண்டும். அதை எழுதுவதற்குரிய திணையும் கதையும் களரியும் நம்மிடம் இருக்கின்றன. நம் பிள்ளைகளுள் கணினி கற்ற ஒருவர் அவ்வேலையை மேற்கொள்வாராயின், இரவு விழித்திருக்கும் மற்றப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள நமக்கு ஒரு காரணம் குறையும்.