தன் குரலைத் தான் கேட்டல்: ‘மோகமுள்’ நாவலில் படைப்பு மனத்தின் தற்கண்காணிப்பு

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ 1950களில் சுதேசமித்திரன் வார இதழில் தொடராக வெளிவந்து, 1964இல் நூலாக்கம் பெற்றது. தன்னிலும் மூத்தவளான யமுனாவின்மீது பாபு கொண்ட மோகத்தை மையப்படுத்தியே இந்நாவல் பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாசிப்பில் இசை, கும்பகோணச் சூழலுக்கு வண்ணம் சேர்க்கும் பின்புலமாக ஒதுங்கிவிடுகிறது. ஆயினும், படைப்பு மனம் தன்னை எவ்வாறு கவனித்துத் திருத்திக்கொள்கிறது என்னும் வினாவை நாவல் இசையின் வழியாகவே எழுப்புகிறது.

தன் சிந்தனையைத் தானே கண்காணித்து நெறிப்படுத்தும் ஆற்றலை அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் கோட்பாடாக வகுத்துரைத்தார். தமிழில் இதனை மீயறிதல் எனலாம். காவிரிப் படுகையில் செழித்த கருநாடக இசை மரபு இவ்வாற்றலைப் பயிற்சியாகவே பேணி வந்துள்ளது. கற்பனைசுரம் பாடுபவர் அக்கணத்தில் தோன்றும் சுரக்கோவைகளை இராக இலக்கணத்துக்குள் நிறுத்தி, தாளக் கணக்குப் பிசகாமல் எடுப்பில் வந்து சேர வேண்டும். பாடுதலும் அதனைத் தானே கேட்டலும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றி மனோதர்மம் கைகூடாது.

நாவலில் இவ்விரட்டைச் செயலின் உருவமாக ரங்கண்ணா விளங்குகிறார். அன்றாட ஒலிகளிலும் நாதத்தைத் தேடும் அவர் பாபுவுக்கு அளிக்கும் பயிற்சி முதன்மையாகச் செவிக்கானது. தம்புராவின் சுருதி பாடுபவனைக் கண்டிப்பதில்லை. இடையறாது உடன் ஒலிக்கிறது. விலகலைப் பாடுபவனே உணர்ந்து திரும்புகிறான். மேடை வாய்ப்பு நெருங்கும்போது குரல் பக்குவப்படவில்லை எனப் பாபு தயங்குவது இப்பயிற்சியின் விளைவாகும்.

மோகத்திலும் பாபு தன்னை ஓயாது ஆராய்கிறான். ஆனால் அங்கே அகநோக்கு தீர்ப்புரைக்கும் நீதிபதியாகிக் குற்றவுணர்வாகத் தேங்கிவிடுகிறது. ஒரே மனத்தில் தற்கண்காணிப்பு ஓரிடத்தில் திருத்தமாகவும் மற்றோரிடத்தில் தண்டனையாகவும் செயற்படுவதை ஜானகிராமன் அருகருகே வைத்துக் காட்டுகிறார்.

எனினும் ஒரு மறுப்பு இங்கு எழக்கூடும். குரற்பயிற்சிக்காகப் பாபு மராட்டியம் செல்லும் கட்டத்தோடு நாவல் முடிகிறது. அவனது முதிர்ந்த இசையை வாசகர் கேட்பதே இல்லை. எனவே அவனது தயக்கம் கலைநேர்மையா, மேடைக்கு அஞ்சும் மனத்தின் மறைப்பா என்று கேட்க இடமுண்டு. விடைக்கான குறிப்பு அவனது செயலில் உள்ளது. மராட்டியப் பாடகர்களின் குரல்வளம் தன் குறையை உணர்த்தியபின், பாபு அக்குறையைச் சொல்லி ஒதுங்கி வாழவில்லை. கற்பதற்காக ஊரை விட்டே புறப்படுகிறான். அச்சத்தில் பிறந்த தயக்கம் இத்தகைய உழைப்பைத் தேடிச் செல்வது அரிது.

‘மோகமுள்’ளை இசைநாவல் என வகைப்படுத்தும் ஆய்வுகள் அதில் இடம்பெறும் இராகங்களைத் தொகுப்பதோடு அமையாமல், பாத்திரங்கள் தம்மைத் தாமே கேட்கும் முறையையும் ஆராய்தல் வேண்டும். இசை அந்நாவலின் அமைப்பாகச் செயற்படுவது அவ்வாய்வில்தான் புலப்படும்.