சுறாவைப் படமெடுத்தல்: கண்ணாடித் தொட்டியும் புறாமலையும்

இலங்கையின் சீனன்குடாவில் கடல் வாசலிலேயே கிடக்கிறது. ஆனாலும் அங்குள்ள பலர் சுறாவைக் கண்டது மீன்சந்தைப் பலகையில், வறைக்கு வெட்டிய துண்டாகத்தான். உயிருள்ள சுறாவை அவர்களுக்குக் காட்டுபவை பெரும்பாலும் கைபேசிக்கு வந்துசேரும் படங்களே. அவற்றில் சில மீன்காட்சியகத் தொட்டிகளில் எடுத்தவை. சில, நிலாவெளிக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் புறாமலைத் தீவில் எடுத்தவை. கடலில் எடுத்ததே அசல், தொட்டியில் எடுத்தது போலி என்று சொல்லிவிடுவது எளிது. அந்தத் தீர்ப்பு அரைவாசிதான் சரி.

தொட்டிப் படத்தின் முதற்சிறப்பு, அது எல்லோருக்கும் வாய்ப்பது. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2019இல் திறந்த வி.ஜி.பி. மரைன் கிங்டம் போன்ற இடங்களில் நீச்சல் தெரியாத அம்மம்மாவும் சுறாவைப் படமெடுக்கலாம். ஆனால் அதற்கும் கைப்பழக்கம் வேண்டும். தடித்த அக்ரிலிக் சுவருக்கு நேரெதிரே நிற்காமல் சரிந்து நின்றால் மீனின் விளிம்பு கலங்கி, நிறம் பிரிந்து தெரியும். வளைந்த சுரங்கப் பாதையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். பிளாஷ் போட்டால் ஒளி சுவரில் பட்டுத் திரும்பி வெள்ளைத் திட்டாக விழும். வெளிச்சமோ குறைவு, சுறாவோ நிற்பதில்லை; ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே போனால் வால் கரைந்துவிடும். லென்ஸைச் சுவரோடு ஒட்டிவைத்துக் காத்திருப்பதே வழி. வட்டமடிக்கும் சுறா மறுபடியும் வரும். செவுள் வெட்டுகள் எத்தனை, வாய் தலைக்கு அடியில் எப்படி அமைந்திருக்கிறது என்று ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். கடலில் இந்த அவகாசம் அரிது.

குறையும் அந்த வட்டத்தில்தான் இருக்கிறது. சுறா திரும்பி வருவது வேறு போக்கிடம் இல்லாததால். பெருங்கடலில் அலையும் இனங்கள் பல தொட்டி வாழ்வைத் தாங்குவதில்லை. கலிபோர்னியாவின் மொன்டரே பே மீன்காட்சியகம் 2004இல் ஓர் இளம் வெள்ளைச் சுறாவை 198 நாள் வைத்திருந்தது பெரும் சாதனையாகப் பேசப்பட்டது. அதற்கு முன் வேறிடங்களில் தொட்டிக்கு வந்தவை சில நாளோ சில வாரமோதான் தாக்குப்பிடித்தன. இந்த உண்மை எதுவும் படத்தில் விழுவதில்லை. பிரதிபலிப்பைத் தவிர், கீறலை மறை, சுவரின் மூலையை வெட்டு என்றுதான் தொட்டிப் படக்கலை கற்றுத்தருகிறது. சுவரை எவ்வளவு நேர்த்தியாக ஒளிக்கிறோமோ அவ்வளவுக்குப் படம் பாராட்டுப் பெறுகிறது. சிறையைக் கடலாகக் காட்டும் இந்தத் திறமையைத்தான் நான் ஐயுறுகிறேன். கண்ணாடியில் பதிந்த ஒரு குழந்தையின் கைரேகையோடு எடுத்த படம் அழகில் குறைந்தாலும் நேர்மையில் கூடியது.

புறாமலையில் சுவர் இல்லை. 2003இல் தேசியப் பூங்காவான இந்த 471 ஹெக்டேயர் பரப்பின் ஆழமற்ற நீரில், செட்டை நுனி கறுத்த சிறிய சுறாக்கள் உலவுகின்றன. வளர்ந்தவையும் பெரும்பாலும் ஒன்றரை மீற்றரளவே. ஆளைக் கண்டால் விலகிப்போகும் கூச்ச சுபாவம் கொண்டவை. வெயில் நன்றாக இறங்குவதால் பிளாஷ் தேவையில்லை. தன் போக்கில் போகும் உயிரின் உடல்வளைவு இங்கே கிடைக்கிறது. எந்தத் தொட்டியும் இதைத் தராது.

ஆனால் சுவர் இல்லாத இடத்தில் மனிதருக்கும் தடை இல்லை. படத்துக்காகச் சுறாவைத் துரத்துவதும், கால் ஊன்றப் பவளப்பாறையில் ஏறி நிற்பதும் இங்கே எளிது. பவளம் உயிர், ஒரு மிதியில் நொறுங்குவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். கடற்குதிரை போன்ற சிறு மீன்களைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, மனிதர் அருகில் இருப்பதைவிடப் பிளாஷ் பெரிதாக அவற்றைக் கலைப்பதில்லை என்றும், படத்துக்காகத் தொட்டு நகர்த்துவதே கூடுதலாக வருத்துகிறது என்றும் கண்டது. சுறாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் கருவியைவிடக் கையும் காலுமே முதலில் அடங்கவேண்டும் என்ற பாடம் புறாமலைக்கும் பொருந்தும்.

ஆக, தொட்டிப் படம் மீனின் வாழ்வைப் பற்றிப் பொய் சொல்கிறது. எடுப்பவரோ மீனை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. கடற்படம் மெய் சொல்கிறது. அதை எடுக்கும் முறை அந்த மெய்யையே அழிக்கக்கூடும். எனவே கையைத் தொட்டியில் பழக்குங்கள். அங்கே எடுத்த படத்தைத் தொட்டிப் படம் என்றே சொல்லிப் பகிருங்கள். புறாமலைக்குப் போனால் மிதந்தபடியே காத்திருங்கள். சுறா வந்தால் எடுங்கள். வராவிட்டால் படமில்லாமல் கரையேறுங்கள்.