எந்த அயோடினைக் கழற்றுவது?

தைராய்டு சுரப்பி வெளியே அனுப்புவதில் பெரும்பங்கு டி4 என்ற ஹார்மோன். அதில் இரண்டு வளையங்கள், வளையத்துக்கு இரண்டாக நான்கு அயோடின் அணுக்கள். வெளி வளையத்தில் ஒன்றைக் கழற்றினால் டி3. செல்களை முடுக்கிவிடும் வீரியமான ஹார்மோன். உள் வளையத்தில் ஒன்றைக் கழற்றினால் ரிவர்ஸ் டி3. அதே அணுக்கள், அதே எடை, ஆனால் வீரியம் ஏறக்குறைய இல்லை. ஓர் அணுவை எடுக்கும் இடத்தில் இவ்வளவு வித்தியாசம்!

நம் உடலின் டி3-இல் சுமார் 80 சதவீதம் சுரப்பிக்கு வெளியே, கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில்தான் உருவாகிறது. ஆகவே செல்களின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கழுத்துவரை போகத் தேவையில்லை. கொரோனா முற்றி ஐசியுவில் சேர்க்கப்பட்டவரின் ரத்தப் பரிசோதனையில் இந்த ஏற்பாட்டைக் காணலாம். டி3 இறங்கியிருக்கும், ரிவர்ஸ் டி3 பெரும்பாலும் ஏறியிருக்கும். சுரப்பியில் பழுதில்லை, கழற்றும் இடம் மாறிவிட்டது.

உள் வளைய அயோடினைக் கழற்றும் என்சைம்களில் ஒன்று, மூன்றாம் வகை டீஅயோடினேஸ். நஞ்சுக்கொடியில் இது நிறைய உண்டு. தாயின் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சிசுவுக்குப் போகாமல் காக்கும். வளர்ந்தவரின் கல்லீரலிலும் தசையிலும் அநேகமாக அடங்கியே இருக்கும். பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஐசியுவில் இறந்தவர்களின் கல்லீரலிலும் தசையிலும் அது விழித்திருந்ததை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. கருவறைக் காலத்துக் காவலை உடல் ஆபத்து வேளையில் மறுபடி கூப்பிடுகிறது.

நயம் இதோடு முடியவில்லை. டி3 குறைந்தால் பிட்யூட்டரி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சை ஏற்றிச் சுரப்பியை விரட்ட வேண்டும். இங்கே விரட்டுவதில்லை. தானே ஃபேன் வேகத்தைக் குறைத்துக்கொண்டவர் மின்வாரியத்துக்குப் புகார் செய்வாரா? அழற்சியைக் கிளப்பும் ஐஎல்-6 போன்ற சைட்டோகைன்களுக்கு இந்த மாற்றத்தில் பங்கு உண்டு. சிகிச்சைக்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோனும் டிஎஸ்எச்சை அமுக்கும். நோய் நீண்டால் டி4-உம் சரியும். டி3 எவ்வளவு கீழே போகிறதோ, பொதுவாக நோயும் அவ்வளவு கடுமை.

இத்தனை கீழிறங்கிய டி3-ஐ மாத்திரையால் நிரப்பிவிடலாமே என்று கை துறுதுறுக்கும். ஆனால் பட்டினியிலும் உடல் இப்படித்தான் டி3-ஐக் குறைத்துச் செலவைச் சுருக்குகிறது. தீவிர நோயில் இது தற்காப்பா, பாதிப்பா என்ற வாதம் ஓயவில்லை. சுரப்பியிலேயே கோளாறு என்று சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை வழக்கமாக ஹார்மோன் கொடுப்பதில்லை. குணமாகும்போது டிஎஸ்எச் சில நாள் இயல்பைத் தாண்டியும் ஏறலாம். பார்ப்பவருக்குத் தைராய்டு குறைபாடு போலத் தோன்றும். அவசரப்பட்டுப் பெயர் சூட்டாமல், உடல் தேறிச் சில வாரம் கழித்து மறுபடி பரிசோதிப்பவரே இந்த ரிப்போர்ட்டைச் சரியாக வாசித்தவர்.