விற்கும் பொருளும் உரிப்பொருளும்: சுப்பர் போல் விளம்பரங்கள் பற்றி

ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை அமெரிக்காவில் பாதி நாடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறது. அன்றுதான் சுப்பர் போல் இறுதிப் போட்டி. அவர்கள் அதை உதைபந்தாட்டம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நம் பிள்ளைகள் மைதானத்தில் அடிக்கும் உதைபந்து வேறு, அது வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, தலைக்கவசம் போட்ட ஆட்கள் முட்டி மோதி முன்னேறுகிற ஆட்டம் அது. ஆட்டத்தைப் பற்றி நான் எழுத வரவில்லை. அதன் இடைவேளைகளில் வரும் விளம்பரங்கள்தான் இக்கட்டுரையின் விஷயம்.

1967இல் நடந்த முதலாவது போட்டியில் முப்பது நொடி விளம்பரத்துக்குச் சுமார் 40,000 டொலர் வாங்கினார்கள். 2025இல் அதே முப்பது நொடி 80 இலட்சம் டொலர்வரை போனது. ஒரு நொடிக்கு இரண்டரை இலட்சம் டொலருக்கு மேல்! பார்த்தவர்கள் 12 கோடிக்கு மேல். மற்ற நாட்களில் விளம்பரம் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற சனங்கள், அன்றைக்கு மட்டும் விளம்பரம் வந்தால் 'சத்தம் போடாதே' என்கிறார்கள். யூ.எஸ்.ஏ. டுடே பத்திரிகை 1989 முதல் பார்வையாளர்களிடம் புள்ளி வாங்கி இவ்விளம்பரங்களைத் தரவரிசைப்படுத்துகிறது. இப்போது யூடியூப் வழியாக எல்லாம் நம் ஊருக்கும் வந்து சேர்ந்துவிட்டன. நம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளில் பலர் இவற்றை நம்மை விட முந்திப் பார்த்திருக்கிறார்கள்.

இலக்கியச் சஞ்சிகையில் விளம்பரத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தமிழ் படித்தவர்கள் அப்படிக் கேட்பது அவ்வளவு சரியல்ல. பரிசில் பெற்று வருகிற பாணன், எதிரே வருகிற இன்னொரு பாணனிடம் 'இன்ன வள்ளலிடம் போ, இன்னது கிடைக்கும்' என்று வழிகாட்டுவதுதானே ஆற்றுப்படை? வள்ளலை இடையிடையே நினைத்துக்கொண்டுதான் உமறுப்புலவரும் சீறாப்புராணத்தைப் பாடினார். அபுல் காசிம் மரைக்காயரின் பெயர் அதற்குள் இருக்கிறது. பொருள் தந்தவனைப் பாடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் அதற்கு ஓர் அளவு இருந்தது. மரைக்காயரின் புகழ் காப்பியத்துக்குள் தனக்குரிய இடத்தில் நின்றது. காப்பியத்தின் பொருளை அது விழுங்கவில்லை.

இந்த அளவைத்தான் விளம்பரத்திலும் நான் தேடுகிறேன். என்னிடம் இரண்டே கேள்விகள். முதலாவது, விளம்பரம் காட்டுகிற உணர்ச்சிக்கும் அது விற்கிற பொருளுக்கும் உண்மையான உறவு இருக்கிறதா? அகப்பாட்டில் கருப்பொருளும் உரிப்பொருளும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்பது போல இங்கேயும் நிற்க வேண்டும். இரண்டாவது, பிறரிடம் இரவல் வாங்கிய சொல்லையும் முகத்தையும் வாழ்க்கையையும் அது எப்படிக் கையாள்கிறது? இரவல் பொருள் அமானிதம் அல்லவா?

இந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது ஒரு பழைய விளம்பரம். 1979 ஒக்டோபரில் முதன்முதலில் ஒளிபரப்பாகி, 1980 ஜனவரி சுப்பர் போலில் காட்டப்பட்ட கொக்கா கோலா விளம்பரம் அது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் ஜோ கிரீன் என்ற கறுப்பின வீரர், ஆளைப் பார்த்தாலே பயம் வரும், காயப்பட்டு நொண்டியபடி மைதானத்தை விட்டுப் போகிறார். பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பொடியன். உதவி வேண்டுமா என்று கேட்கிறான், வேண்டாம் என்கிறார். தன் கையிலிருந்த போத்தலை நீட்டுகிறான், மறுக்கிறார். வற்புறுத்துகிறான், வாங்கி ஒரே மூச்சில் குடிக்கிறார். பொடியன் முகம் வாடித் திரும்பி நடக்கிறான். அப்போதுதான் அவர் அவனைக் கூப்பிட்டுத் தன் ஜேர்சியை வீசுகிறார். அவ்வளவுதான், ஒரு நிமிஷம்.

நம் இலக்கியத்தில் வள்ளல் கொடுப்பான், எளியவன் பெறுவான். இங்கே கொடை எளியவனின் கையிலிருந்து தொடங்குகிறது. கைம்மாறு பிந்தி வருகிறது; பிந்தியதால்தான் நெஞ்சைத் தொடுகிறது. போத்தலை எடுத்துவிட்டால் கதை இல்லை. தாகத்தோடு இருக்கிற மனிதனுக்குக் குடிக்கக் கொடுப்பது உலகத்தில் எல்லோருக்கும் விளங்குகிற நன்மை. விற்கிற பொருள் கதைக்குள் தன் இயல்பான வேலையை மட்டும் செய்கிறது. அந்தப் பானம் உடம்புக்கு நல்லதா என்பது வேறு கதை.

இரண்டாவதாக நான் வைப்பது 2020இல் வந்த கூகுள் விளம்பரம். பெயர் 'லொரெட்டா'. மறக்காமல் இருப்பது எப்படி என்ற தேடலோடு தொடங்குகிறது. ஒரு முதியவரின் குரல் மட்டும் கேட்கிறது, ஆளைக் காட்டுவதில்லை. மனைவிக்குத் தன் மீசை பிடிக்காது, அலாஸ்கா பயணம் பிடிக்கும், அவளுடைய கையெழுத்து அழகானது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்கிறார். திரையில் பழைய படங்கள் வந்து போகின்றன. மனைவி இறந்துவிட்டாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

மனைவியை இழந்தவனின் நிலையைத் தொல்காப்பியர் தபுதார நிலை என்று பெயரிட்டு ஒரு துறையாகவே வைத்தார். சேரமான் மாக்கோதை தன் மனைவிக்காகப் பாடிய புறநானூற்று 245ஆம் பாட்டு வகுப்பறையில் படிக்கிறபோதெல்லாம் பிள்ளைகளை அமைதியாக்கிவிடும். இந்த விளம்பரமும் அந்தத் துறையில்தான் சேர்கிறது. பெரிய ஒப்பாரி இல்லை. மீசை, கையெழுத்து என்ற சின்ன விஷயங்களில்தான் துக்கம் தங்கியிருக்கிறது. விற்பது நினைவூட்டும் கருவி, சொல்வது மறதியின் பயம். பொருத்தத்தில் குறை சொல்ல முடியாது. ஒரேயொரு உறுத்தல்: அந்தக் கிழவர் தன் மனைவியைப் பற்றிய நினைவுகளை ஒப்படைப்பது, நம்மைப் பற்றிய விபரங்களைக் கொண்டு விளம்பரம் விற்றுப் பிழைக்கும் ஒரு நிறுவனத்திடம். இந்தப் பயத்தை விளம்பரம் நமக்கு ஊட்டுவதில்லை. நாமாக யோசித்தால்தான் உண்டு.

இனி, எல்லோருக்கும் பிடித்த, எனக்குப் பிடிக்காத ஒன்று. பட்வைசர் பியர் கம்பனியின் 2014ஆம் ஆண்டு விளம்பரம். ஒரு நாய்க்குட்டிக்கும் பெரிய வண்டிக் குதிரைக்கும் சினேகம். நாய்க்குட்டியை வேறு ஆள் காரில் கொண்டுபோக, குதிரைகள் ஓடி வந்து காரை மறித்து அதை மீட்கின்றன. அவ்வாண்டு பார்வையாளர் வாக்கில் முதலிடம் இதற்குத்தான். சும்மா சொல்லக்கூடாது, படப்பிடிப்பு அருமை. வகுப்பில் போட்டுக் காட்டியபோது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இதுல பியர் எங்க சேர்?"

அதுதான் கேள்வி. ஒருத்தரும் குடிப்பதில்லை, ஒருத்தரும் வெறியில் தள்ளாடுவதில்லை, கடைசியில் பெயர் மட்டும் வருகிறது. உள்ளுறை உவமத்தில் சொல்லப்பட்ட ஒவ்வொன்றுக்கும் சொல்லாத ஒன்று நிகராக நிற்கும். இங்கே நாய்க்குட்டிக்கும் பியருக்கும் என்ன நிகர்? குதிரைக்கும் போத்தலுக்கும் என்ன உறவு? பொருளைச் சொல்ல வெட்கப்பட்டுப் பிராணிகளின் பாசத்தால் போர்த்தியிருக்கிறார்கள். போர்வை அழகாக இருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பது மாறிவிடாது.

விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்திருக்கும் அப்பிள் நிறுவனத்தின் '1984' விளம்பரத்தையும் விட முடியாது. ரிட்லி ஸ்கொட் இயக்கி 1984 ஜனவரி 22ஆம் திகதி காட்டப்பட்டது. ஜோர்ஜ் ஓர்வெல்லின் நாவலை நினைவூட்டும் சாம்பல் நிற உலகம். பெரிய திரையில் ஒரு சர்வாதிகாரி பேச, மொட்டைத் தலைகள் வரிசையாக உட்கார்ந்து கேட்கின்றன. ஒரு பெண் ஓடி வந்து சம்மட்டியை எறிந்து திரையை உடைக்கிறாள். மெக்கின்டொஷ் கணினி வருகிறது என்ற அறிவிப்போடு முடிகிறது, கணினியைக் காட்டவேயில்லை. காட்சி மொழியில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் திரையை உடைக்கச் சொல்கிற அந்தச் செய்தியும் கோடிக்கணக்கான திரைகளில்தானே வந்தது? அந்த உலகத்தின் பிரசைகளைப் போலத்தான் நாமும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நமக்கு நெருக்கமான ஒரு விளம்பரத்துக்கு வருவோம். 2014இல் கொக்கா கோலா, 'அமெரிக்கா த பியூட்டிஃபுல்' என்ற நாட்டுப் பாடலை ஆங்கிலத்தோடு ஸ்பானிய, ஹிந்தி, ஹீப்ரு, தகலொக் முதலிய மொழிகளிலும் பாட வைத்தது. பாட்டின் ஊடே ஹிஜாப் அணிந்த பெண்கள் சில நொடிகள் வருகிறார்கள். ஆங்கிலப் பாட்டை வேறு மொழியில் பாடுவதா என்று சமூக ஊடகங்களில் அன்றே பெரிய கூச்சல். 2017 ஜனவரி 27ஆம் திகதி ஏழு முஸ்லிம் பெரும்பான்மை நாட்டவர் அமெரிக்காவுக்குள் வருவதற்கு ட்ரம்ப் தடை போட்டார். சில நாட்களில் வந்த சுப்பர் போல் அன்று, ஆட்டம் தொடங்குமுன் அதே விளம்பரம் மறுபடி ஒளிபரப்பானது. ஒரு சொல்லும் மாறவில்லை. காலம் மாறியதால் பொருள் கனத்துவிட்டது.

இதைப் புகழ்வதா, சந்தேகப்படுவதா? கொக்கா கோலாவை இன்றைக்கு நம்மில் பலர் வீட்டுக்குள் எடுப்பதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் படைப்பைப் படைப்பாகப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்களை அது பயங்கரமாகவும் காட்டவில்லை, பரிதாபமாகவும் காட்டவில்லை. பாட்டில் அவர்களுக்கும் ஒரு வரி உண்டு என்றது. அவ்வளவுக்கு நான் புள்ளி கொடுப்பேன். பானத்துக்கும் தேசப் பாட்டுக்கும் உறவு பலவீனமானது என்பதற்காகப் புள்ளி குறைப்பேன்.

நம் நாட்டுத் தொலைக்காட்சியை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். நோன்பு மாதம் பிறந்தால் தொப்பி போட்ட வாப்பாவும், முக்காடு போட்ட உம்மாவும், பேரீச்சம்பழத் தட்டும், நடுவில் ஒரு பான போத்தலும் வருகின்றன. பெருநாள் முடிந்ததோடு அந்தக் குடும்பத்தை யாரோ வீட்டை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். சவர்க்காரம் வாங்குகிற, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புகிற, காய்ச்சலுக்கு மருந்து தேடுகிற விளம்பரங்களில் அவர்களைக் காண்பது அரிது. மற்றப் பதினொரு மாதமும் நாம் சவர்க்காரம் போடுவதில்லையா?

மோசமானவை நிறைய. 1999இல் 'ஜஸ்ட் ஃபோர் ஃபீட்' என்ற சப்பாத்துக் கடைக் கம்பனி காட்டியதைப் பாருங்கள். வெறுங்காலோடு ஓடுகிற ஒரு கென்ய ஓட்டவீரனை வெள்ளைக்காரர்கள் இராணுவ பாணி வாகனத்தில் துரத்தி, மயக்க மருந்து கலந்த தண்ணீரைக் கொடுத்து விழுத்தி, காலில் சப்பாத்தை மாட்டிவிடுகிறார்கள். அவன் விழித்து அலறுகிறான். அடிமை வேட்டையின் படத்தை நகைச்சுவை என்று நினைத்திருக்கிறார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் கம்பனி தன் விளம்பர முகவர் மேலேயே வழக்குப் போட்டது.

2022இல் எஃப்.டி.எக்ஸ் என்ற கிரிப்டோ நாணயக் கம்பனி, லரி டேவிட் என்ற நகைச்சுவை நடிகரை வைத்து ஒன்று எடுத்தது. சக்கரம், மின்குமிழ் என்று ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் வேண்டாமென்று தள்ளிய முட்டாளாக அவர் வருகிறார், கடைசியில் எஃப்.டி.எக்ஸையும் வேண்டாம் என்கிறார். அவரைப் போல் இருக்காதே என்பது செய்தி. அதே ஆண்டு நவம்பரில் கம்பனி வங்குரோத்து. அதை நிறுவியவருக்கு 2024இல் 25 ஆண்டுச் சிறை. அந்த முட்டாள் சொன்னதே சரியாயிற்று! நம் அணியிலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று ஒன்று உண்டு. இந்த விளம்பரத்துக்கு அந்த அணியைக் காலம் போட்டுவிட்டது.

என்றாலும் கடைசி இடத்தை நான் கொடுப்பது இவை இரண்டுக்கும் அல்ல. 2018 பெப்ரவரி 4ஆம் திகதி வந்த ராம் கெப் வாகன விளம்பரத்துக்கு. சரியாக ஐம்பது ஆண்டுக்கு முன், 1968 பெப்ரவரி 4ஆம் திகதி, மார்ட்டின் லூதர் கிங் அட்லாண்டாவிலுள்ள தன் தேவாலயத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். இரண்டு மாதத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பிரசங்கத்தில், சேவை செய்கிற எவரும் பெரியவராகலாம், அதற்குப் பட்டம் படிப்பு தேவையில்லை என்ற பகுதியை மட்டும் எடுத்து, அவருடைய சொந்தக் குரலிலேயே ஓடவிட்டார்கள். தீயணைப்பு வீரர், சிப்பாய், உழைப்பாளி என்று முகங்கள் போகின்றன. நடுநடுவே கெப் வாகனம் சேற்றில் பாய்கிறது.

அந்தப் பிரசங்கம் முழுவதும் எதைப் பற்றியது? எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும் என்ற மனித ஆசையின் ஆபத்தைப் பற்றியது. அந்த ஆசையைத்தான் விளம்பரக்காரர்கள் சுரண்டுகிறார்கள் என்று அதே உரையில் கிங் எச்சரிக்கிறார். அயலான் பொறாமைப்பட இந்தக் கார் வேண்டும் என்று நம்ப வைக்கிறார்கள் என்கிறார். வருமானத்துக்கு மீறிக் கார் வாங்குகிறவர்களைக் கண்டிக்கிறார். வாகனம் விற்கப் பயன்பட்டது அந்த உரைதான்! விடுபட்ட பகுதியை எடுத்து அதே காட்சிகளின் மேல் வைத்துச் சிலர் வெளியிட்டார்கள்; அதை விடச் சிறந்த விமர்சனத்தை நான் எழுத முடியாது.

கிங்கின் உரிமைகளை நிர்வகிப்பவர்களிடம் அனுமதி பெற்றுத்தான் செய்தார்கள். சட்டத்தில் குற்றமில்லை. ஆனால் மௌத்தானவரின் குரலை எடுத்து, அவர் எதைச் செய்யாதே என்றாரோ அதையே அந்தக் குரலால் செய்ய வைப்பது சட்டப் பிரச்சினை மட்டுமா? கென்ய வீரனின் விளம்பரத்தில் கேவலம் கண்ணுக்கு முன் தெரிந்தது; சனங்கள் உடனே கத்தினார்கள். இங்கே அது மரியாதையின் உடுப்புப் போட்டு வந்தது. மூல உரையைத் தெரியாதவர் கண்கலங்கியிருப்பார். அதனால்தான் இதை ஆக மோசமானது என்கிறேன்.

மூலத்தைத் தேடிப் படிக்கிற பழக்கம்தான் இதற்கு மருந்து. அந்தப் பழக்கத்தைக் கொடுக்க வேண்டிய இடம் மொழிப் பாடம். உவமைக்கும் பொருளுக்கும் பொருத்தம் பார்க்கப் படித்த பிள்ளைக்கு, 'இதுல பியர் எங்க' என்று கேட்கத் தெரியும். மேற்கோளை முழுப் பாட்டோடு வைத்துப் பார்க்கப் பழகிய பிள்ளை, பாதிப் பிரசங்கத்துக்குப் பாதிக் கண்ணீர்கூட விடாது. இந்தச் சஞ்சிகையை வாசிக்கிற ஆசிரியர்கள் அடுத்த தவணையில் அணியிலக்கணம் படிப்பிக்கும்போது, பாடநூல் செய்யுளோடு ஒரு விளம்பரத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் சொல்லித் தருவார்கள், எது பொருந்துகிறது எது பொருந்தவில்லை என்று.