நடுவில் எத்தனை கேண்டில்?
'ரைசிங் த்ரீ மெத்தட்ஸ்' பேட்டர்ன் தெரியும்தானே? ஒரு பெரிய ஏற்றக் கேண்டில், அதன் எல்லைக்குள் அடங்கும் சின்னக் கேண்டில்கள், பிறகு மறுபடி பெரிய ஏற்றம். நடுவில் மூன்று இருப்பது உத்தமம்; இரண்டோ, மூன்றுக்கு மேலோ இருந்தாலும் சரிதான் என்பது ஸ்டீவ் நிசன் கணக்கு.

டிஏ-லிப் நிரலோ மொத்தம் 5 கேண்டில்களை மட்டுமே பார்க்கிறது. நடுவில் 4 வந்தால் அதற்கு அது பேட்டர்னே இல்லை! இதை பேக்டெஸ்ட் பண்ணிவிட்டு 'வேலைக்கு ஆகாது' என்றால், அந்தத் தீர்ப்பு நிரலுக்குத்தான்.

முதல் கேண்டிலின் உச்சத்தையும் அடியையும் நினைவில் வைத்து, விலை அதற்குள் இருக்கும்வரை எண்ணிக்கொண்டு போகும் லூப் போதும். மேலே முடிந்தால் பேட்டர்ன், கீழே உடைந்தால் ரத்து. ஆனால் அதிகபட்ச எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். லாபத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றினால், பழைய விலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைதான் மிஞ்சும்.