காளிக்கு ஒரு தட்டு

ஜூடி சிகாகோவின் ‘தி டின்னர் பார்ட்டி’யை நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். முக்கோண மேசை, ஒவ்வொரு பக்கமும் 48 அடி. பக்கத்துக்கு 13 பேர் வீதம் 39 பெண்களுக்குப் பந்தி. கீழே வெள்ளை ஓடுகளில் தங்க எழுத்தில் இன்னும் 999 பெயர்கள். இயேசுவின் கடைசி விருந்தில் உட்கார்ந்த 13 ஆண்களுக்குப் பதில் சொல்லும் மேசை இது.

தட்டுகளில் பெரும்பாலானவை பெண்குறியும் வண்ணத்துப்பூச்சியும் கலந்த வடிவங்கள். 1979இல் சான் பிரான்சிஸ்கோவில் முதலில் வைத்தபோது கூட்டம் அலைமோதியது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சிலர் இதை ஆபாசம் என்றார்கள். 2007 முதல் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக இருக்கிறது. அந்த ஆபாசச் சண்டையெல்லாம் பழைய கதை. எனக்கு இருக்கும் சங்கடங்கள் வேறு.

முதலாவது, கூட்டு உழைப்பு. 1974 முதல் 1979 வரை ஏறக்குறைய 400 பேர் தைத்தார்கள், பீங்கானில் தீட்டினார்கள். பலரும் சம்பளம் வாங்காதவர்கள். அவர்கள் பெயர்களைச் சிகாகோ மறைக்கவில்லை, தனிப் பலகைகளில் போட்டார். ஆனாலும் கடைசி முடிவு அவருடையது, புகழும் அவருக்கே. பெண்களின் பெயர் தெரியாத உழைப்பைப் பற்றிப் பேசும் படைப்பில் இது உறுத்தத்தானே செய்யும்?

இரண்டாவது, சோஜர்னர் ட்ரூத். மேசையில் இருக்கும் ஒரே கறுப்பினப் போராளி. அவருடைய தட்டில் பெண்குறி வடிவத்துக்குப் பதிலாக மூன்று முகங்கள். ஆலிஸ் வாக்கரும் ஹார்டென்ஸ் ஸ்பில்லர்ஸும் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். மற்றவர்களுக்கு உடலைக் கொண்டாட்டமாகக் கொடுத்த கை, இவரிடம் வந்ததும் ஏன் தயங்கியது? அவர்கள் கேட்டது நியாயம்தான்.

மூன்றாவது, நம்ம காளி. 39 பேரில் இந்தியாவிலிருந்து போனவள் அவள் ஒருத்திதான். இஷ்தாருக்கும் கிரீட்டின் பாம்புத் தேவிக்கும் நடுவில் அவளுக்கு இடம். அவர்கள் இருவருக்கும் இன்று கோயிலில் விளக்கேற்ற ஆளில்லை. காளிக்கோ இந்த வெள்ளிக்கிழமையும் எலுமிச்சை மாலை விழும், யாராவது ஒரு அக்கா அவளிடம் உரிமையோடு சண்டை போடுவாள். உயிரோடிருப்பவளைப் பழங்காலச் சின்னமாக உட்கார வைத்தால் அவளைக் கும்பிடும் பெண்கள் காணாமல் போகிறார்கள்.

இவ்வளவு சொல்லியும் அந்த மேசை விரிப்புகளின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ‘சும்மா பொழுதுபோக்கு’ என்று வீட்டில் ஒதுக்கப்பட்ட ஊசி வேலை, அங்கே அருங்காட்சியகத்துக்குள் நிமிர்ந்து கிடக்கிறது. அந்த மரியாதை சிகாகோ இல்லாமல் வந்திருக்காது. தைத்த கைகள் இல்லாமலும் வந்திருக்காது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் இந்த விருந்தைப் பற்றி உண்மை பேசுகிறோம்.