படக்கென்று ஒரு கடி

நல்ல ஹாட் டாக் எது என்று காதுக்கே தெரிந்துவிடும். பல் பட்டதும் சாசேஜின் தோல் படக்கென்று உடைய வேண்டும். உடைந்த உடனே சூடான சாறு நாக்கில் இறங்க வேண்டும். அமெரிக்க ரசிகர்கள் ‘ஸ்னாப்’ என்று கொண்டாடுவது இதைத்தான். வீட்டில் ஹாட் டாக் செய்யும் வழிகள் பல. அவை எல்லாவற்றையும் எடைபோட அந்த முதல் கடி போதும் என்பது என் கட்சி.

கடையில் பொட்டலமாக வரும் சாசேஜ் பச்சை இறைச்சி கிடையாது. இறைச்சியையும் கொழுப்பையும் உப்பு, மசாலா, பனிக்கட்டி சேர்த்து விழுதாக அரைத்து, உறையில் அடைத்து, புகையூட்டி வேகவைத்த பிறகே விற்கிறார்கள். ஆனாலும் லிஸ்டீரியா கிருமிக்கு அஞ்சி, கர்ப்பிணிகளும் முதியவர்களும் ஆவி பறக்கும் வரை, அதாவது 74 டிகிரி செல்சியஸ் வரை, சூடாக்கியே சாப்பிட வேண்டும். வேகவைக்கும் வேலை முன்பே முடிந்துவிட்டதால், வீட்டு அடுப்புக்கு மிச்சமிருப்பது தோலைப் பக்குவப்படுத்தும் வேலைதான்.

அந்தத் தோலைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய முறைப்படி செய்ததில் உறை செம்மறியாட்டுக் குடல். ஓசை தருவது அதுதான். 1920களில் சிகாகோவில் செல்லுலோஸ் உறை வந்தது. சாசேஜ் வெந்து இறுகியதும் அதை உரித்துவிடுவார்கள். இந்தத் ‘தோலில்லாத’ வகைக்கு ஒரு மொறுமொறுப்பான மேற்புறத்தைச் சமைப்பவர்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

எளிய வழி வெந்நீர். நியூயார்க்கின் தள்ளுவண்டிக்காரர்கள் நாள் முழுக்க ஒரே பாத்திரத் தண்ணீரில் சாசேஜைப் போட்டு வைக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதை ‘அழுக்குத் தண்ணீர்’ ஹாட் டாக் என்று செல்லமாகச் சொல்வார்கள். நேரம் ஆக ஆக உப்பும் கொழுப்பும் மசாலாவும் இறங்கி அந்தத் தண்ணீரே ஒரு ரசமாகிவிடுகிறது. அதனால் சாசேஜ் வெளுத்துப்போவதில்லை. வீட்டில் புதிய தண்ணீரில் வெகுநேரம் போட்டால் சுவையெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். தண்ணீரில் சிறிது உப்பு போட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்து, ஐந்தாறு நிமிடம் வைத்தால் போதும். தளதளவென்று கொதிக்க விட்டால் உள்ளே நீராவி திரண்டு தோல் வெடிக்கும். வெடிப்பு எப்போதும் நீளவாக்கிலேயே விழும். உருளையான உறைக்குள் அழுத்தம் ஏறும்போது, அதை நீளவாக்கில் இழுக்கும் விசையைவிடச் சுற்றுவாக்கில் இழுக்கும் விசை இரண்டு மடங்காக இருப்பதே காரணம்.

அந்த வெடிப்பையே விரும்பித் தேடும் ஊரும் உண்டு. நியூ ஜெர்சியின் கிளிஃப்டன் நகரில் 1928 முதல் இருக்கும் ‘ரட்ஸ் ஹட்’ கடையில் சாசேஜைக் கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கிறார்கள். தோல் கிழிந்து, கிழிந்த ஓரமெல்லாம் முறுகிப்போகும். அதன் பெயர் ‘ரிப்பர்’. வீட்டில் செய்கிறவர்கள் ஈரம் போகத் துடைத்துவிட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் தெறிக்கும்.

என் மனம் சாய்வது இரும்பு வாணலியின் பக்கம். நியூயார்க்கின் கோனி தீவில் 1916இல் நேதன் ஹேண்ட்வெர்க்கர் தொடங்கி, ஐந்து சென்டுக்கு விற்றுப் புகழ்பெற்ற ‘நேதன்ஸ்’ கடையின் சாசேஜும் தட்டையான இரும்புக் கல்லில் வாட்டியதுதான். வீட்டுக்கு நல்ல வழி இது: சாசேஜ் பாதி மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு மிதமான தீயில் வையுங்கள். தண்ணீர் வற்றுவதற்குள் உட்புறம் சூடேறிவிடும். வற்றியதும் சிறிது வெண்ணெய் போட்டு உருட்டிக்கொண்டே இருங்கள். இறைச்சி சிவந்து மணக்க மேற்புறத்தின் வெப்பம் 140 டிகிரி அளவுக்கு ஏற வேண்டும். ஈரம் இருக்கும் வரை அது 100ஐத் தாண்டாது. தண்ணீரும் இரும்பும் முறைபோட்டு வேலை செய்வதால் சாறும் தங்குகிறது, தோலும் முறுகுகிறது.

கரி அடுப்பில் புகைமணம் கூடுதல் லாபம். கங்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, தணிந்த பக்கத்தில் சூடாக்கி, கடைசியில் மட்டும் கங்கின் மேல் காட்ட வேண்டும். தோலில்லாத சாசேஜ் என்றால் கத்தியால் திருகு சுருளாகக் கீறிவிடலாம். கீறிய விளிம்பெல்லாம் கருகலாக முறுகும். பள்ளங்களில் சாஸ் தங்கும். குடல் தோல் உள்ளதைக் கீறவே கூடாது. கீறினால் சாறும் போகும், ஓசையும் போகும். மைக்ரோவேவ் அவசரத்துக்குச் சூடு தரும். அந்தக் கடியைத் தராது.

சமைத்த விதமே மேலே வைப்பதையும் தீர்மானிக்கிறது. சிகாகோவில் வெந்நீரிலோ ஆவியிலோ சூடான மென்மையான சாசேஜுக்குக் கசகசா தூவிய ஆவி பன். அதன் மேல் மஞ்சள் கடுகு சாஸ், பச்சைப் பசேலென்ற இனிப்பு ரெலிஷ், நறுக்கிய வெங்காயம், தக்காளித் துண்டுகள், ஊறிய வெள்ளரி, சிறிய ஊறுகாய் மிளகாய், செலரி உப்பு. இனிப்புக்கு ரெலிஷும் புளிப்புக்குத் தக்காளியும் இருக்கையில் கெச்சப்புக்கு அங்கே வேலையில்லை. அந்த ஊர்க்காரர்கள் அதை விலக்கி வைத்திருப்பது சரியே. கல்லில் சிவந்த சாசேஜ் தானே மணக்கும். அதற்கு ஒரு கோடு கடுகு சாஸும், நியூ இங்கிலாந்துக்காரர்கள் செய்வதுபோல மேலே பிளந்து, பக்கங்களில் வெண்ணெய் தடவி வாட்டிய பன்னும் போதும்.

எந்த வழியில் சமைத்தாலும் பன்னை முதலில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முறுகிய தோல் மூடிய பன்னுக்குள் சில நிமிடங்களிலேயே தன் ஆவியில் நனைந்து தளர்ந்துவிடும். அதனால் ஹாட் டாக்கை மொத்தமாகச் செய்து அடுக்கி வைப்பதில் பயனில்லை. சாப்பிடுகிறவர்களை அடுப்பருகே நிற்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பதே அதற்குரிய மரியாதை.